அவையறிதலும் அவையஞ்சாமையும்

மேடையச்சம் என்றவுடன் காந்தியை உதாரணம் காட்டுவது நம்மிடையே வழக்கம். கூச்சமே உருவான இளைஞர் ஒருநாள் அச்சத்தை உதறி எழுந்தார் என்று அந்தக் கதையை முடித்துவிடுகிறோம். 'சத்திய சோதனை'யை நிதானமாக வாசித்தால் வரலாறு அத்தனை நேர்க்கோட்டில் செல்லவில்லை என்பது புலப்படும்.

லண்டனில் சட்டம் பயின்றபோது சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அவர் இருந்தார். டாக்டர் அல்லின்சனை நீக்கும் தீர்மானத்தை எதிர்க்க விரும்பித் தம் கருத்தை எழுதியும் சென்றார். வாசிக்கத் துணிவு வரவில்லை, வேறொருவரே வாசித்தார். 1891இல் நாடு திரும்பியபின் பம்பாயில் கிடைத்த முதல் வழக்கில், குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் ஒப்படைக்கச் சொல்லி, 30 ரூபாய் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்து வெளியேறினார்.

1893இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் கூடிய வீட்டில், வணிகத்தில் வாய்மை குறித்துப் பேசினார். அதையே தம் முதல் பொதுப்பேச்சு என்கிறார். நாம் சொல்லும் கதை இங்கே நின்றுவிடும். ஆனால் 1896 செப்டம்பரில், பம்பாயில் நிரம்பி வழிந்த மண்டபத்தில் எழுதிய உரையோடு நின்றவருக்கு மீண்டும் உடல் நடுங்கியது. உரக்க வாசிக்கும்படி பெரோஸ்ஷா மேத்தா ஊக்கமூட்ட, குரல் மேலும் தாழ்ந்தது. நண்பர் தேஷ்பாண்டே உரையை வாங்கினார். அவை அவரையும் கேட்கவில்லை. இறுதியில் தின்ஷா வாச்சா வாசித்து முடித்தார்.

ஒரே மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று, சென்னைப் பச்சையப்பன் மண்டபம். அச்சிட்ட நீண்ட உரை. அவை ஒவ்வொரு சொல்லையும் செவிமடுத்தது. தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையை விளக்கிய அவரது பச்சை அட்டைப் பிரசுரத்துக்குக் கூட்டம் முண்டியடித்தது. மேலும் 10,000 படிகள் அச்சாயின.

மனிதர் அவரே; பொருளும் தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரமே. மாறியது எது? பாலசுந்தரம் என்ற பெயரைக் காந்தியே சுட்டுகிறார். டர்பனில் முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, குருதி வழியும் வாயோடு அவரிடம் வந்த தமிழ்க் கூலித் தொழிலாளி அவர். அவர் பொருட்டுக் காந்தி எடுத்த முயற்சி சென்னையில் முன்பே தெரிந்திருந்தது. பேச்சாளரும் அவையும் அங்கே அந்நியராக இல்லை.

கூச்சம் தம்மை முற்றிலும் விட்டதில்லை என்றும், அறிமுகமற்ற அவைமுன் தயங்கியதுண்டு என்றும் பின்னாளில் காந்தி எழுதினார். சொற்களை அளந்து பயன்படுத்தக் கற்பித்ததும் அக்கூச்சமே என்பார். நடுக்கம் தீர்ந்த பிறகே பேச வேண்டும் எனக் காத்திருப்போருக்கு இதில் ஆறுதல் உண்டு.

வள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும், அவையஞ்சாமையை அதற்கு அடுத்ததாகவும் வைத்தார். அந்த வரிசையின் நியாயத்தைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மாதம் நமக்கு விளக்கிவிடுகிறது.