மாறி ஏறும் துறை

1573 ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆம்ஸ்டர்டாம் நகருக்குத் தென்மேற்கே பரந்து கிடந்த ஹார்லம் ஏரியில் ஒரு கப்பற்போர் நடந்தது. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த டச்சுக்காரர்களின் மரக்கலங்கள் அப்போரில் தோற்றுப் பின்வாங்கின. ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின், நீராவிப் பொறிகளால் இறைத்து அந்த ஏரியையே வற்றச் செய்துவிட்டனர். 1852 இல் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் தாழ்வாகத் தரை வெளிப்பட்டது. உழவர்கள் குடியேறினர். 1916 இல் அதன் ஒரு மூலையில் இராணுவத்தார் விமானத் திடல் அமைத்தனர். அதுவே ஸ்கிப்போல். ஐரோப்பாவில் குறுந்தொலைவு விமானத்தின் சிக்கன வகுப்பில் வந்திறங்கி, ஊருக்குள் காலடி வைக்காமலே மற்றொரு விமானத்தில் மாறி ஏறிச் செல்லும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என்பதை ஆராய்வோர், கப்பலும் கலப்பையும் கண்ட இந்நிலத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமுடையது.

1919 ஆகஸ்டு 25 ஆம் நாள் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே அன்றாட விமானச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கே.எல்.எம். நிறுவனம் பிறந்தது. 1920 மே 17 இல் அதன் முதல் பயணம் இலண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு நடந்தது. விமானம் வாடகைக்கு எடுத்தது, ஓட்டியவர் ஆங்கிலேயர், பயணிகள் செய்தியாளர் இருவர், சுமை, ஒரு கட்டுச் செய்தித்தாள்கள். அக்காலத்து ஸ்கிப்போல் மழை பெய்தால் சேறாகும் வயல்தான். ஆனாலும் 1926 இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அதனை ஏற்று வளர்க்க முற்பட்டது. சிறிய நாடு, தன் மக்களை மட்டும் நம்பி விமானங்களை நிரப்ப இயலாது. பத்தேவியாவரை, அதாவது இன்றைய ஜக்கார்த்தாவரை, 1924 இல் சோதனைப் பயணமும் 1930 முதல் ஒழுங்கான சேவையும் நடத்திய நாட்டுக்கு, அயல்நாட்டாரையும் அழைத்துவந்து தன் துறையில் மாற்றி ஏற்றுவதே வழியாயிற்று. துறைமுக வணிகத்தில் பழகிய மக்களுக்கு இது புதிய பாடமன்று.

1940 மே மாதத்தில் ஜெர்மானியர் குண்டு வீசி அத்திடலைச் சிதைத்தனர். போருக்குப்பின் எல்லாம் மீண்டும் கட்டப்பட்டன. கட்டடங்களைவிட முக்கியமான ஒன்று அப்போது தாளில் உருவாயிற்று. 1945 இல் ஹவானாவில் அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் அமைந்தது. 1947 சனவரியில் அதன் கணக்குத் தீர்வகம் இலண்டனில் பணியைத் தொடங்கியது. இது வெறும் கணக்கர் வேலையாகத் தோன்றலாம். எனினும் மாறி ஏறும் பயணத்தின் உயிர்நாடி இதுவே. ஆஸ்லோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாக உரோமாபுரிக்குச் செல்லும் ஒருவர் ஒரே பயணச்சீட்டை வாங்குகிறார் என்று கொள்வோம். சீட்டுப் புத்தகத்தில் இரண்டு இதழ்கள். முதல் இதழை ஒரு நிறுவனமும் இரண்டாம் இதழை வேறொரு நிறுவனமும் கிழித்துக்கொள்ளும். அவர் கொடுத்த பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை அத்தீர்வகம் தீர்த்துவைக்கும். அவருடைய பெட்டியில் முதல் ஊரிலேயே கடைசி ஊரின் பெயர் கட்டப்படும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது விமானம் பறந்துவிட்டால், அடுத்ததில் இடம் தேடித் தருவது நிறுவனங்களின் பாடு. பயணி ஒருவர், ஒப்பந்தம் ஒன்று, பொறுப்பும் ஒன்று.

அப்பொறுப்புக்கு விலை இருந்தது. கட்டணங்களைச் சங்கத்தின் கூட்டங்களில் நிறுவனங்களே கூடிப்பேசி வகுத்தன. அரசுகள் ஒப்புதல் அளித்தன. இரு நாடுகளுக்கிடையே அவ்விரு நாட்டு நிறுவனங்கள் மட்டும் பறந்து, வருவாயைப் பங்கிட்டுக்கொண்டதும் உண்டு. போட்டி இல்லாத இடத்தில் விலை எப்படி இறங்கும்? ஆசிரியரும் தொழிலாளியும் இரயிலிலேயே சென்றனர்.

ஆயினும் அவர்களுக்கும் இடம் தேடும் முயற்சி அட்லாண்டிக் கடலின்மீது தொடங்கிவிட்டிருந்தது. 1952 மே முதல் நாள் அவ்வழியில் சுற்றுலா வகுப்பும், 1958 ஏப்ரல் முதல் நாள் அதனினும் மலிவான சிக்கன வகுப்பும் நடைமுறைக்கு வந்தன. சிக்கன வகுப்பினருக்குச் சூடான உணவு கூடாது, எளிய ரொட்டிப் பொதிதான் தரவேண்டும் என்பது விதி. ஸ்காண்டிநேவிய நிறுவனமோ, ரொட்டியின்மேல் இறைச்சியும் காய்கறியும் அடுக்கி, 'இதுவும் ரொட்டிதானே' என்றது. அமெரிக்க நிறுவனம் ஒன்று முறையிட்டது. வளர்ந்த மனிதர்கள் கூடியமர்ந்து, ரொட்டிப் பொதியில் ரொட்டி எவ்வளவு இருந்தால் அது ரொட்டிப் பொதியாகும் என்று வாதிட்டனர்! நகைப்புக்குரியதேனும், இவ்வழக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. கட்டணத்தில் போட்டியிட முடியாதவர்கள் தட்டில் போட்டியிட்டனர்.

ஐரோப்பாவின் குறுகிய வழிகளுக்கு ஏற்ற விமானம் பின்னரே வந்தது. 1968 பிப்ரவரியில் லுஃப்தான்சா நிறுவனம் போயிங் 737 ஐப் பணியில் ஈடுபடுத்தியது. நெடுந்தொலைவு செல்லும் போயிங் 707 இன் உடல் அகலமே இதற்கும். ஆகவே நடுவில் ஒரு வழியும் இருபுறமும் மும்மூன்று இருக்கைகளுமாக வரிசைக்கு அறுவர் அமரலாம். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது போதும். ஐரோப்பியக் குறுவழிகளில் வணிக வகுப்பென்று தனி இருக்கை வைப்பது அரிது. அதே இருக்கைதான், நடு இருக்கையைக் காலியாக விட்டு, முன்னே ஒரு திரையைத் தொங்கவிடுவர். அன்றைய விற்பனைக்கேற்ப அத்திரை ஒரு வரிசை முன்னே போகும், இரு வரிசை பின்னே வரும். செல்வத்துக்கும் சிக்கனத்துக்கும் இடையே ஒரு முழத் துணி.

1967 ஏப்ரல் 28 இல் ஜூலியானா அரசியார் ஸ்கிப்போலின் புதிய நிலையத்தைத் திறந்துவைத்தார். எல்லா விமானங்களுக்கும் ஒரே கூரை என்பதே அதன் அடிப்படை. இறங்கியவர் பேருந்து பிடித்து வேறு கட்டடத்துக்கு ஓட வேண்டியதில்லை, நடந்தே மாறலாம். உள்வடிவமைப்பைச் செய்தவர் கோ லியாங் ஈ. சாவகத் தீவின் மகெலாங் நகரில் 1927 இல் பிறந்து நெதர்லாந்தில் வாழ்ந்தவர். சுவரும் தரையும் இருக்கையும் அடக்கமான நிறங்களில் இருக்க வேண்டும், வழிகாட்டும் பலகை மட்டுமே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பலகைகளை வடிவமைத்தவர் பென்னோ விஸ்ஸிங். விமானம் ஏறும் வழிக்கு மஞ்சள், பிறவற்றுக்குப் பச்சை என நிறத்தாலேயே வழியைப் பிரித்துக் காட்டினார். மொழியறியாத ஊரில், கடிகாரத்தைப் பார்த்தபடி விரையும் மனிதனுக்கு எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை இவ்விருவரும் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். கரும்பலகையில் எழுதுவோரும் எண்ண வேண்டிய செய்தி இது.

1972 இல் பிராங்க்பர்ட் தன் புதிய நிலையத்தைத் திறந்து, தானியங்கிப் பட்டைகளில் பெட்டிகளை ஓடவிட்டு, நாற்பத்தைந்து நிமிடங்களில் மாறி ஏறலாம் என்று அறிவித்தது. வியன்னா பின்னாளில் இருபத்தைந்து நிமிடமே போதும் என்றது. 'குறைந்தளவு இணைப்பு நேரம்' எனப்படும் இவ்வெண்ணுக்கும் குறைவான இடைவெளியில் இரு விமானங்களைச் சேர்த்து ஒரே சீட்டாக விற்பதில்லை. எண் சிறிதாகச் சிறிதாக, ஒரு துறையில் இணைக்கக்கூடிய ஊர்கள் பெருகும். இதனால் 1990 களில் கே.எல்.எம். தன் விமானங்களை அலை அலையாக வரச்செய்தது. பல ஊர்களிலிருந்து சிறு விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்திறங்கும். பயணிகள் கலைந்து மாறுவர். மீண்டும் எல்லாம் புறப்படும். ஒரு சிற்றூரிலிருந்து தொலைநாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூவரே செல்லக்கூடும்; அம்மூவருக்கெனத் தனி விமானம் பறக்காது. நூறு ஊர்களின் மும்மூவரைச் சேர்த்தால் பேருந்துபோல் நிரம்பிவிடும். குறுவழி விமானம் தானே ஈட்டும் பணத்தைவிட, நெடுவழி விமானத்துக்குச் சேர்த்துத் தரும் ஆட்களாலேயே மதிப்புப் பெற்றது. ஸ்கிப்போல் பயணிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மாறி ஏறுபவராகவே இருந்த ஆண்டுகள் பல.

1995 மார்ச்சில் செங்கன் உடன்பாடு நடைமுறைக்கு வந்தபோது இக்கணக்கில் ஒரு சிக்கல் நுழைந்தது. உடன்பாட்டு நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. வெளியிலிருந்து வருவோர்க்கு முதலில் இறங்கும் இடத்திலேயே சோதனை. ஒரே கூரையின்கீழ் ஓர் எல்லைக்கோட்டை இழுக்க வேண்டியதாயிற்று. கோலாலம்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாக ஆஸ்லோ செல்பவர், எல்லைக் காவலர் முன் வரிசையில் நிற்பது ஆம்ஸ்டர்டாமில்தான். மஞ்சள் பலகை மிச்சப்படுத்திய நிமிடங்களை அவ்வரிசை விழுங்கிவிடுவதும் உண்டு.

இதற்கிடையே கட்டணக் கோட்டை இடிந்தது. 1987, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியச் சமூகம் மூன்று தவணைகளாகத் தடைகளை நீக்கியது. 1997 ஏப்ரல் முதல், உறுப்பு நாடொன்றின் நிறுவனம் எந்த உறுப்பு நாட்டிலும் உள்நாட்டுச் சேவைகூட நடத்தலாம் என்றாயிற்று. அயர்லாந்தின் ரையன்ஏர் 1986 லேயே டப்ளினுக்கும் இலண்டனை அடுத்த லூட்டனுக்கும் இடையே பாதிக்கும் குறைந்த கட்டணத்தில் பறக்கத் தொடங்கியிருந்தது. 1995 இல் ஈசிஜெட் வந்தது. இவர்கள் மலிவாக விற்றதன் இரகசியங்களுள் ஒன்று, இணைப்பையே மறுத்ததாகும். ஓர் ஊரிலிருந்து ஓர் ஊருக்கு மட்டும் சீட்டு. அடுத்த விமானம் உமது கவலை. பெட்டியை எடுத்து மீண்டும் வரிசையில் நில்லும். பிந்தினால் புதுச் சீட்டு வாங்கும். மலிவான இருக்கையோடு, முன்பு நிறுவனங்கள் சுமந்த இடர் பயணியின் தோளுக்கு மாறிற்று. பலர் இதை அறிந்தே ஏற்றனர். அறியாது ஏற்றவர்களே துன்புற்றனர். பழைய நிறுவனங்களும் தப்பவில்லை. 2001 அக்டோபரில் சுவிஸ்ஏர் விமானங்கள் தரையில் நின்றன. நவம்பரில் பெல்ஜியத்தின் சபேனா மூடப்பட்டது. எஞ்சியவை மலிவு நிறுவனங்களைப் பார்த்து, குறுவழியில் உணவுக்கும் பெட்டிக்கும் தனிக்காசு வாங்கக் கற்றன. 1958 இல் வழக்குக்குள்ளான ரொட்டிப் பொதி, பல விமானங்களில் விலைப்பட்டியலில் ஏறிற்று.

இந்நிலையில் சட்டம் குறுக்கிட்டது. 2005 பிப்ரவரி 17 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 ஆம் எண் ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. முன்னறிவிப்பின்றி விமானம் கைவிடப்பட்டால், தொலைவுக்கேற்ப 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு என்றது அது. தாமதத்துக்கு இழப்பீடு என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2009 இல் ஐரோப்பிய நீதிமன்றம், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தவரும் அதே நிலையினர் என்று தீர்ப்பளித்தது. அப்படியாயின் இணைப்புத் தவறியவர் நிலை என்ன? ஜெர்மனியின் பிரேமனிலிருந்து பாரிசு, சாவ் பாவுலோ வழியாகப் பராகுவே நாட்டு அசுன்சியோனுக்குச் சென்ற பெண்மணி ஒருவரின் வழக்கு இதனைத் தீர்த்தது. பிரேமன் விமானம் புறப்பட்டது இரண்டரை மணி நேரம்கூட நிறையாத தாமதத்தில். ஆனால் பாரிசில் அடுத்த விமானம் போய்விட்டது. அவர் ஊர் சேர்ந்தபோது பதினொரு மணி நேரம் பிந்தியிருந்தது. புறப்பாட்டுத் தாமதம் மூன்று மணிக்குக் குறைவே என்பது விமான நிறுவனத்தின் வாதம். 2013 பிப்ரவரி 26 இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடைசி ஊரைச் சேர்ந்த நேரமே கணக்கு என்றது. குறுவழியில் நேர்ந்த சிறு பிழைக்கு முழுப் பயணமும் சாட்சியாயிற்று. புயல்போன்ற தவிர்க்க இயலாச் சூழலுக்கு விலக்கு உண்டு. இரு தனிச் சீட்டுகளைத் தாமே சேர்த்துக்கொண்டவர்க்கு இத்தீர்ப்பு உதவாது. மலிவு தேடி அவ்வகைச் சீட்டை வாங்குவோர் நிலை வருந்தத்தக்கது.

குறுவழி விமானமே வேண்டுமா என்ற வினாவும் எழுந்துவிட்டது. இரண்டரை மணி நேரத்துக்குள் இரயிலில் சேரக்கூடிய ஊர்களுக்கு விமானம் கூடாதென்று பிரான்சு 2023 மே மாதத்தில் ஆணையிட்டது. அதனால் நின்றவை பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்து, லியோன், போர்தோ நகரங்களுக்கான மூன்று வழிகளே. தொலைநாட்டு விமானங்கள் கூடும் சார்ல் து கோல் நிலையத்திலிருந்து அதே ஊர்களுக்கு விமானங்கள் பறந்தவண்ணமே இருந்தன. பிராங்க்பர்ட்டில் வேறொரு வழி கண்டனர். 1999 இல் விமான நிலையத்தின் அருகிலேயே நெடுந்தொலைவு இரயில் நிலையம் திறக்கப்பட்டது. 2001 முதல் ஸ்டுட்கார்ட்டுக்கும், 2003 முதல் கொலோனுக்கும் லுஃப்தான்சா தன் விமான எண்ணை இட்டு இரயில் இருக்கைகளை விற்கலாயிற்று. ஒரே சீட்டு. இரயில் பிந்தி விமானம் தவறினால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியவர் சீட்டை விற்றவரே.