தொட்டால் கேட்கும் மனம்: ‘செர்ரி மேஜிக்’ தொடரின் வலிமையும் வரம்பும்

டிவி டோக்கியோ நிறுவனம் 2020 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வியாழக்கிழமை பின்னிரவுகளில் ஒளிபரப்பிய ‘செர்ரி மேஜிக்’, ஆண்களிடையேயான காதலைச் சொல்லும் பி.எல். தொடர்களில் ஜப்பானுக்கு வெளியேயும் பெரிதும் பேசப்பட்ட ஒன்று. மொத்தம் 12 பகுதிகள். ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்கும் குறைவு. டொயோட்டா யூ வரைந்த மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதையின்) தழுவல் இது. முப்பது வயதுவரை உடலுறவு அறியாத ஆணுக்கு மாயசக்தி வாய்க்கும் என்ற விளையாட்டுப் பேச்சுதான் கதையின் வித்து. எழுதுபொருள் நிறுவனமொன்றில் வேலைசெய்யும் அடாச்சிக்கு, தொட்டவர் மனத்தில் ஓடுவதெல்லாம் காதில் விழத் தொடங்குகிறது. நெரிசலான மின்தூக்கியில் சக ஊழியன் குரோசாவாமீது உரச நேர்ந்தபோது, அலுவலகமே வியக்கும் அந்த அழகன் தன்னைத்தான் நேசிக்கிறான் என்பது அவனுக்குத் தெரியவருகிறது. தொடரின் சிறப்புக்கும் குறைக்கும் வேர் ஒன்றே, அது இந்த மனக்குரல் உத்தி என்பது என் வாதம்.

பி.எல். கதைகளில் ஒருவன் துரத்துவதும் மற்றவன் தயங்குவதும் பழகிப்போன அமைப்பு. தயக்கத்தையே மறைமுகச் சம்மதமாகக் காட்டி, அத்துமீறலைக் காதலாக ஏற்கச் செய்த படைப்புகள் ஏராளம். ‘செர்ரி மேஜிக்’ அந்த அமைப்பைத் தலைகீழாக்குகிறது. இங்கே விரும்புகிறவனின் மனம் முழுதும் திறந்து கிடக்கிறது. அது திறந்திருப்பது அவனுக்கே தெரியாது. பார்க்கச் சகலமும் கைவந்தவனாகத் தோன்றும் குரோசாவா உள்ளுக்குள் தவிக்கிறான். தன்னை எதற்கும் லாயக்கற்றவனாக நினைக்கும் அடாச்சியின் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. மதுவிருந்து விளையாட்டு ஒன்றில் முத்தமிடச் சொல்லிச் சக ஊழியர்கள் ஏவும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அடாச்சி நடுங்குவதைக் கண்ட குரோசாவா நெற்றியோடு நிறுத்திக்கொள்கிறான். ஆசை எவ்வளவு பெரிது என்பதை மனக்குரல் ஏற்கெனவே நமக்குச் சொல்லிவிட்டதால்தான் அந்த நிறுத்தத்துக்கு எடை கூடுகிறது. ஏழாம் பகுதி குரோசாவாவின் பார்வைக்கு மாறி, தோற்றத்தால் மட்டுமே மதிக்கப்பட்ட ஒருவனின் சலிப்பைச் சொல்லும்போது, மச்சிடா கெய்ட்டாவின் நடிப்பு கேலிச்சித்திரமாகியிருக்கக்கூடிய பாத்திரத்தை மனிதனாக்குகிறது. கடைசிப் பகுதிகளில் தொடர் தன் உத்தியையே விசாரணைக்கு உட்படுத்துகிறது: அனுமதி கேட்காமலே பிறர் மனத்தைக் கேட்பது நியாயமா என்ற குற்றவுணர்வில் அடாச்சி எல்லாவற்றையும் குரோசாவாவிடம் ஒப்புக்கொள்கிறான். மாயத்தைச் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

ஆனால் மனக்குரல் தீர்க்கக்கூடியது மனத்தடையை மட்டுமே. ஆகவே கதையில் வேறு தடையே இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏழாண்டுகள் வாய் திறக்காத குரோசாவா எதற்கு அஞ்சினான்? அடாச்சி மறுத்துவிடுவானோ என்பதற்கு மட்டும்தானா? 2020இல் ஜப்பானியச் சட்டம் ஒருபால் திருமணத்தை ஏற்கவில்லை. அப்படி ஏற்காதது அரசியலமைப்புக்கு முரணானது என்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம் சொன்னதே தொடர் முடிந்தபின், 2021 மார்ச்சில்தான். இந்த உலகம் அடாச்சியின் அலுவலகத்துக்குள் நுழைவதேயில்லை. இறுதிக் காட்சியில் இருவரும் முத்தமிட நெருங்கும்போது மின்தூக்கிக் கதவு மூடிக்கொள்கிறது. இத்தனை வாரமாக ஒருவனின் மிக அந்தரங்கமான எண்ணங்களைக் கேட்க அனுமதித்த தொடர், அந்த ஆசை உடலாகும் கணத்தில் பார்வையாளரை வெளியே நிறுத்துவது வெறும் நாசூக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. மனத்துக்குள் இருக்கும்வரைதான் இந்தக் காதலுக்கு இங்கே முழு உரிமை.

சில மணி நேரமே ஓடும் தொடரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். அதே தொலைக்காட்சி 2019இல் அதே 12 பகுதிகளில் ஒளிபரப்பிய ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ இதற்கு விடை. யோஷினாகா ஃபுமியின் மாங்காவிலிருந்து உருவான அதிலும் காதல் காட்சிகள் மிக அடக்கமானவையே. ஆயினும் தன் துணைவனைப் பற்றி அலுவலகத்தில் பேசாத வழக்கறிஞன், முதிரும் பெற்றோர், மாதச் செலவுக் கணக்கு எல்லாம் சமையலறையிலேயே இடம் பிடித்துவிடுகின்றன. வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. ஒருபால் காதல் என்றாலே துயரம் என்று சலித்துப்போன பார்வையாளருக்கு, வெறுப்பே இல்லாத உலகம் ஓர் ஆறுதல். அதுவே ஓர் அரசியல். இதை நான் மதிக்கிறேன். ஆனால் தொடரின் உலகம் அப்படி மாறிவிட்ட உலகம் அல்ல என்பதற்குத் தொடருக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. மாங்காவில் பி.எல். ரசிகையாக வரும் சக ஊழியை ஃபுஜிசாக்கி, தொடரில் காதலே தேவைப்படாமல் நிறைவாக வாழ்பவளாக மாற்றப்பட்டிருக்கிறாள். தழுவலின் மிக நேர்த்தியான மாற்றம் இதுவே. கல்யாணம் பற்றித் தாய் தரும் அழுத்தத்தை அவள் சிரித்துச் சமாளிக்கிறாள். அவளைத் தொடும் அந்த அழுத்தம், அதே அலுவலகத்தில் முப்பதை எட்டிய இரு ஆண்களை மட்டும் ஏன் தொடவில்லை? சமூகத்தைத் தொடருக்குத் தெரியும். காதலர்களிடமிருந்து அதைத் தள்ளி வைத்திருக்கிறது.

2022 ஏப்ரலில் வந்த ‘செர்ரி மேஜிக்’ திரைப்படம் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லும் கட்டத்துக்குப் போகிறது. அந்தக் காட்சிகளில் மனக்குரல் பெரிதாக உதவுவதில்லை. வாய்விட்டுப் பேசித்தான் ஆக வேண்டியிருக்கிறது. தொடரின் திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான யோஷிடா எரிக்கா அதே ஆண்டில் என்.எச்.கே. தொலைக்காட்சிக்கு எழுதிய ‘கோய்செனு ஃபுத்தாரி’ தொடர், ஃபுஜிசாக்கியிடம் சில நிமிடங்களே கிடைத்த கேள்வியை மையமாக்கி, காதலும் காமமும் தேவைப்படாத இருவரைக் குடும்பத்தாரின் எதிர்பார்ப்புகளுக்கு நடுவே ஒரே வீட்டில் வாழ வைத்தது.