வாசலில் ஒரு டொபி வளையம்: செய்முறையும் எங்கள் வீட்டுக் கதையும்

பொகவந்தலாவையில் டிசம்பர் மாதம் மழையும் மூடுபனியுமாகத்தான் கழியும். 2022 டிசம்பரில் அப்படியொரு பின்னேரம் எங்கள் லயக் காம்பராவின் வாசல் கதவில் ஒரு டொபி வளையத்தை மாட்டினேன். உடுப்பு மாட்டும் கம்பியை வட்டமாக வளைத்து, அதைச் சுற்றித் தாள் சுற்றிய டொபிகளைக் கட்டியிருந்தேன். சீனியும் கோதுமை மாவும் தொட முடியாத விலைக்குப் போயிருந்த வருடம் அது. கேக் அடிக்க வழியில்லை. நத்தார் வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே என்றுதான் செய்தேன்.

விறகுக்கட்டோடு வந்த அம்மா இஸ்தோப்பிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது? எழவு வீட்டு வளையத்தக் கொண்டாந்து வாசல்ல மாட்டியிருக்க?"

நத்தார் அலங்காரம் என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

"ஒங்க அண்ணன் செத்துட்டான்னு நீயே ஊருக்குச் சொல்றியா?"

வளையத்தைக் கழற்றி உள்ளே வைத்தேன்.

எங்கள் குடும்பம் இந்தத் தோட்டத்தைச் சேர்ந்தது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிளிநொச்சிப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியிருந்தோம். நானும் அண்ணனும் அங்கேதான் பிறந்தோம். 2009இல் எல்லாரோடும் சேர்ந்து நடந்தோம். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அண்ணன் எங்களோடு இல்லை. முகாமிலிருந்து வெளியே வந்ததும் அம்மாயி இருந்த இந்த லயத்துக்கே திரும்பி வந்தோம். அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அம்மா அவனுக்கு ஒரு மெழுகுதிரிகூட ஏற்றியதில்லை. ஏற்றினால் அவன் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இந்தக் கட்டுரை ஒரு செய்முறைக் கட்டுரைதான். ஆனால் வட அமெரிக்க வீடுகளில் செய்யும் முறையை அப்படியே சொல்லிவிட்டுப் போக முடியாது. நம்முடைய வாசல்களுக்கு அது ஒத்துவர வேண்டும்.

வளையம் எங்கிருந்து வந்தது?

தமிழில் மலர்வளையம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாவு வீடும் நினைவுத் தூபியும். போரைப் பார்த்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஐரோப்பாவில் அதற்கு வேறு பொருள்களும் உண்டு. பழைய கிரேக்கத்திலும் உரோமிலும் வென்றவர் தலையில் இலை வளையம் சூட்டினார்கள். குளிர்காலத்திலும் பச்சை மாறாத கிளைகளை வளைத்து நத்தார் காலத்தில் கதவில் மாட்டும் வழக்கம் பிறகு பரவியது.

தேவாலயங்களில் திருவருகைக் காலத்தில் மெழுகுதிரிகளோடு வைக்கும் வளையத்துக்குத் தனிக் கதை உண்டு. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோகான் ஹின்றிக் விக்கேர்ன் என்ற போதகர் 1839இல் அதைத் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. நத்தார் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதால் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை வைத்தாராம். வார நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரி, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி. நாளுக்கு ஒன்றாக ஏற்றப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். கையில் கிடைத்த பழைய பொருளை வைத்துச் செய்தது அது.

எங்கள் ஊருக்கு நத்தார் வளையம் தோட்டத் துரைமாரோடு வந்தது. பொகவந்தலாவை சென் மேரிஸ் ஆலய வளவில் 1879இல் இறந்த ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரின் கல்லறை இருக்கிறது. அவர்கள் காலத்தில் இந்த மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்துகொண்டிருந்தது. துரை பங்களாவில் வேலை செய்த அம்மாயி, டிசம்பரில் கதவில் சைப்ரஸ் கிளை வளையம் தொங்கும் என்று சொல்வார். லயத்துக் கதவுகளுக்கு அது வரவில்லை.

தின்னும் பொருளை மாலையாகக் கட்டுவது நமக்குப் புதிதில்லை. ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறோம். ஏலக்காய் மாலை கட்டுகிறோம். டொபி வளையமும் அந்த வகைதான். வருகிற பிள்ளை ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

என்னென்ன வேண்டும்?

வட்டத்துக்கு ஒரு கம்பி ஹேங்கர் போதும். இல்லாவிட்டால் கட்டுக்கம்பியை மூன்றாக மடித்து முறுக்கிக்கொள்ளலாம். பழைய கொழுந்துக் கூடையின் விளிம்பு வளையமும் நன்றாக இருக்கும். ஆனால் அது பெரிது, டொபி அதிகம் பிடிக்கும்.

டொபியின் தாள் இரண்டு பக்கமும் முறுக்கியதாக இருக்க வேண்டும். பை போல ஒட்டியிருப்பவற்றைக் கட்ட முடியாது. கண்டோஸ் வேண்டாம். கதவைத் திறந்தால் அடுப்புச் சூடு பட்டு இளகிவிடும்.

25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 78 சென்ரிமீற்றர். நெருக்கமாகக் கட்டினால் 120 டொபி பிடிக்கும். ஒரு டொபி 4 கிராம் என்று வைத்தால் ஏறக்குறைய அரைக் கிலோ. ஆகவே கம்பி மெல்லியதாக இருந்தால் வட்டம் முட்டை வடிவமாகத் தொங்கிவிடும்.

ஒரு டொபிக்கு 15 சென்ரிமீற்றர் றிபன் என்றால் 120 டொபிக்கு 18 மீற்றர் வேண்டும். அவ்வளவையும் வாங்கத் தேவையில்லை. ஐந்தில் ஒன்றுக்கு மட்டும் றிபன் கட்டி, மற்றவற்றை மா மூட்டையில் பிரித்தெடுத்த நூலால் கட்டினால் வித்தியாசம் தெரியாது.

ஒரு டொபி ஐந்து ரூபாய்ப்படி பார்த்தாலும் 120 டொபிக்கு 600 ரூபாய். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல்தான் 1000 ரூபாயானது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. நான் முதல் வளையம் கட்டிய வருடத்துக் கணக்கில் அது அரைப் பேருக்கும் மேல். அதனால் எங்கள் வளையத்தில் பாதிதான் உண்மையான டொபி. மீதி, பிள்ளைகள் வருடம் முழுக்கச் சேர்த்த டொபித் தாள்களுக்குள் பழைய கடதாசியை உருட்டி வைத்து முறுக்கியவை.

இதை நான் முகாமில் கற்றேன். 2009 நத்தாருக்கு, எங்கள் கூடாரத்துப் பிள்ளைகள் வெறும் டொபித் தாள்களுக்குள் சிறு கற்களை வைத்து முறுக்கிக் கூடாரக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். பார்க்க உண்மையான டொபி போலவே இருந்தது. கல் பாரம், கம்பியை வளைத்துவிடும். கடதாசி போதும்.

கட்டும் முறை

1. ஹேங்கரை வட்டமாக வளையுங்கள். கொக்கியை அப்படியே விடுங்கள்; மாட்டுவதற்கு உதவும். வெட்டிய கம்பி முனை இருந்தால் துணி சுற்றி மூடுங்கள்.

2. நூலை 15 சென்ரிமீற்றர் துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி வையுங்கள். ஒரே நீள நூலால் சுற்றிக்கொண்டே போக வேண்டாம். ஒன்றை வெட்டும்போது மற்ற எல்லாம் கழன்றுவிடும்.

3. டொபித் தாளின் ஒரு பக்க வாலைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்து, முறுக்கின் கழுத்தில் இரட்டை முடிச்சுப் போடுங்கள். மறுபக்க வால் சும்மா நிற்கட்டும்.

4. அடுத்ததை எதிர்ப்பக்கம் பார்க்கக் கட்டி, முன்னதோடு நெருக்கித் தள்ளுங்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, முன்னே ஒன்று என்று மாறி மாறி வந்தால் வளையம் தடிப்பாகத் தெரியும்.

5. கடதாசி டொபிகளை வெளிவரிசையிலும் உண்மையானவற்றை உள்வரிசையிலும் வையுங்கள். எதை வெட்டுவது என்று தேட வேண்டியிருக்காது.

6. டொபியை எடுக்கும்போது முடிச்சை வெட்டாதீர்கள். முடிச்சுக்குக் கீழே, டொபிப் பக்கமாகத் தாளை வெட்டுங்கள். தாள் வாலும் நூலும் கம்பியிலேயே நிற்கும். வளையம் மொட்டையாகத் தெரியாது.

மலைநாட்டில் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டுச் செய்முறைகளில் கத்தரிக்கோலையும் வளையத்திலேயே கட்டித் தொங்கவிடச் சொல்வார்கள். லயத்து இஸ்தோப்பில் எந்நேரமும் பிள்ளைகள் ஓடுவார்கள். கத்தரிக்கோல் பெரியவர் கையில் இருப்பதே நல்லது.

கடின டொபி என்பது சீனிப்பாகை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி, ஈரத்தைப் பெரும்பாலும் போக்கி எடுப்பது. அதனால் காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். எங்கள் பனியில் சில நாட்களிலேயே தாளோடு ஒட்டத் தொடங்கிவிடும். பகலில் மாட்டி, இரவில் கழற்றி மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வைத்தால் இரண்டு கிழமை தாங்கும். எலிக்கும் எறும்புக்கும் அதுவே வழி.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடின டொபி கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கினால் மூச்சு அடைக்கும். அவர்களுக்கு எங்கள் வீட்டில் கடலை உருண்டை. நத்தார் முடிந்ததும் தாள்களைப் பொறுக்கி அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள். கானில் போனால் அடைத்துக்கொள்ளும்.

அம்மா சொன்ன விதிகள்

கழற்றி வைத்த வளையத்தை அன்றிரவு அம்மா மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவரே சில மாற்றங்களைச் சொன்னார். அவை எந்தச் செய்முறையிலும் கிடையாது. போரில் ஆட்களை இழந்த வீடுகளுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

வெள்ளை றிபனும் ஊதா றிபனும் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், பச்சை போதும். பூ வைக்க வேண்டாம். பூ வைத்தால் அது மலர்வளையமாகிவிடும். அதை வளையம் என்று சொல்லவும் வேண்டாம். டொபி மாலை என்று சொன்னால் போதும். உண்மையான டொபி தீர்ந்ததும் அன்றே கழற்றிவிட வேண்டும். அந்த வருடம் சாவு நடந்த வீட்டுக் கதவில் மாட்டக் கூடாது. அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு முதலில் அவர்களுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும்.

சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம். திகதி தெரிந்த சாவுக்கு அந்த வருடம் முடியும். எங்களைப் போன்ற வீடுகளுக்குத் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. 2009க்குப் பிறகு எங்கள் வாசலில் எந்த அலங்காரமும் இருந்ததில்லை. பிள்ளைகள் பக்கத்து வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

அந்த நத்தாருக்கு எங்கள் லயத்தின் பன்னிரண்டு காம்பராப் பிள்ளைகளும் வந்தார்கள். வேதக்காரப் பிள்ளைகள், சைவப் பிள்ளைகள் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்து ஒவ்வொருவருக்கும் வெட்டிக் கொடுத்தவர் அம்மாதான். கடைசியாக ஒன்றை வெட்டித் தன் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"வந்தா குடுக்கலாம்" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் அப்படித்தான். முந்தின வருடத்து டொபி அதற்குள் இளகித் தாளோடு ஒட்டிப் போயிருக்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைப்பார். இப்போது தாள்களைச் சேர்த்து வைப்பதும் அவர்தான்.