கிழக்கே ஒரு கேட், மேற்கே ஒரு ஷாப்பு

அரக்கோணத்தில் இருந்து வேலைக்குப் போகிறவர்கள் காலையில் இரண்டு திசையாகப் பிரிகிறார்கள். கிழக்கே திருவள்ளூர், அம்பத்தூர், சென்னை. ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் இல்லை, அதனால் அந்தப் பக்கம் கம்பெனி பஸ். மேற்கே வாலாஜா ரோடு, காட்பாடி, அதையும் தாண்டினால் ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலும் ஷூவுமாக நீளும் பட்டை. ரயில்வே பணிமனை, எம்ஆர்எஃப், கடற்படை விமானதளம் என்று ஊருக்குள்ளேயும் வேலை உண்டுதான். அதில் இடம் கிடைக்காதவர்கள்தான் மேற்கண்ட இரண்டு திசைக்கும் போகிறவர்கள்.

2014 நவம்பர் தொடங்கி மூன்று மாத இடைவெளியில் இரண்டு திசையிலும் வேலை போனது. கிழக்கே போனதை நாடே பேசியது. மேற்கே நடந்த விபத்தைப் பேசினார்கள், வேலை போனதை யாரும் பேசவில்லை. வேலை இழந்தவர் அடுத்த வேலையை எப்படித் தேடுகிறார் என்பதை இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பார்க்க முடிகிறது.

நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது 2006 ஜனவரியில். உச்சத்தில் எண்ணாயிரம் பேர் வரை நேரடிப் பணியாளர்கள், பெரும்பாலும் பள்ளிப்படிப்பையோ டிப்ளமோவையோ முடித்துவிட்டு வந்த இளம்பெண்கள். கைபேசி வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 25 அன்று வாங்கி முடித்தபோது இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. வருமான வரித்துறையுடன் வழக்கு, மாநில அரசுடன் வரி வழக்கு, சொத்து முடக்கம். விற்க வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடு என்ற நிபந்தனை உச்ச நீதிமன்றம் வரை போயும் தளரவில்லை. பிறகு மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுக்கும் ஆலையாக அது ஓடியது. மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது, நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே, அந்த ஆண்டின் கோடையில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விஆர்எஸ் எனும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். டிசம்பரில், நோக்கியாவுக்குப் பாகங்கள் செய்துவந்த பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

இனி மேற்கே. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், படுத்திருந்த பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த நிலையத்துக்குக் கழிவுநீர் விட்டுவந்த ஷாப்புகள் மூடப்பட்டன. மூட வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தோல் ஷாப்புகள் சுத்திகரிப்பு வசதி செய்யாவிட்டால் ஓடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர் எவரும் இதைப் படிக்காமல் தேற முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை ஷாப்பு பூட்டப்படும்போதும் தோல் சுழலும் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றவன் கதி என்ன என்பது பக்கத்துத் தெருவில் பேசி முடிந்துபோகிற விஷயமாகவே இருந்திருக்கிறது.

வித்தியாசம் முதலில் காகிதத்தில் தெரிகிறது. நோக்கியாவில் இருந்து வந்தவரிடம் நியமன ஆணை, சம்பளச் சீட்டு, பிஎஃப் எண், பணிச்சான்று, செட்டில்மென்ட் காசோலை எல்லாம் இருந்தன. தோல் ஷாப்பில் மேஸ்திரி மூலம் சேர்ந்தவனிடம் இருந்தது மேஸ்திரியின் போன் நம்பர். சட்டத்தைப் பார்த்தால் அவனுக்கும் உரிமை உண்டு. தொழில் தகராறு சட்டம் 1947 ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் கொடுக்கச் சொன்னது. மூடலுக்கும் இழப்பீடு உண்டு. ஆனால் இவற்றைப் பெற ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு தொழிலாளியுடையது என்று 2002இல் ஹதிமணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருகைப் பதிவேடு முதலாளியின் மேசையில் இருக்கும்போது அதைக் கொண்டுவந்து காட்டு என்று கூலிக்காரனிடம் சொல்வது எந்த ஊர் நியாயமோ.

காகிதம் இருந்தவரும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டார். இஎஸ்ஐயில் ராஜீவ் காந்தி பெயரில் 2005 முதல் வேலையின்மைப் படி உண்டு. ஆலை மூடலிலோ ஆட்குறைப்பிலோ வேலை போன, காப்பீட்டில் இருந்த தொழிலாளிக்குச் சம்பளத்தில் பாதி, தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கும் பின்னர் ஓராண்டுக்கும் என்று இருந்தது. தாமாக ஓய்வு பெற்றவருக்கு அது கிடையாது. விஆர்எஸ் என்பதன் முதல் எழுத்தே 'விருப்பம்'. மூடப்போகிற ஆலை என்று ஊருக்கே தெரிந்த இடத்தில் கையெழுத்து போட்டவர்களின் விருப்பம் எத்தகையது என்று யாரும் கேட்கவில்லை. கையில் வந்த சில லட்சம் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. அந்தத் தொகை வாசலில் நிற்கும் கடன்காரரை அனுப்பும், நகையை மீட்கும். அதற்குப் பிறகான மாதங்களுக்கு வழி சொல்லாது.

வேலை தேடும்போது இருவரின் நிலையும் தலைகீழாகிறது. தோல் வேலைக்காரனின் கைத்திறனுக்குப் பெயர் உண்டு. சதை நீக்கும் ஃபிளெஷிங் மெஷின் ஓட்டுவான், கனத்தைச் சீவிச் சமமாக்கும் ஷேவிங் பார்ப்பான், டிரம்மில் எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்று தோலைத் தொட்டே சொல்வான். ராணிப்பேட்டையில் ஷாப்பு மூடினால் மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நடையைக் கட்டலாம். டீக்கடையில் ஒரு வார்த்தை போட்டால் போதும், திங்கட்கிழமை வரச்சொல்லி ஆள் வரும். சோதனை பார்ப்பார்கள், பயோடேட்டா கேட்க மாட்டார்கள். கூலி குறையலாம், அதைப் பேசிக்கொள்ளலாம். அந்தப் பட்டைக்குள் அவனுக்கு வேலை தேடுவது ஒரு கஷ்டமே இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

பட்டைக்கு வெளியே வந்தால்தான் தெரியும். முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்ற கேள்விக்குத் தோல் ஷாப்பு என்று சொல்லத் தயங்குகிறார்கள். அந்த வேலையோடு சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, வாடையைப் போல. இருபது வருட அனுபவத்தை மறைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவனாக ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குச் சேருவான்.

நோக்கியாவில் இருந்தேன் என்று சொல்ல யாரும் தயங்கவில்லை. பெருமையாகவே சொன்னார்கள். ஆனால் அங்கே கற்றது என்ன? போர்டில் பாகம் பொருத்தும் வரிசையில் ஒரு நிலையம், ஓட்டம் தவறாமல் சில நொடிக்கொரு முறை அதே அசைவு. அந்த அசைவுக்கு வெளியுலகில் பெயர் இல்லை, அதே மாதிரி வரிசை பக்கத்தில் ஓடினாலொழிய விலையும் இல்லை. அந்த ஆலைக் கட்டடத்தைச் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்ற அறிவிப்பு 2019 நவம்பரில்தான் வந்தது. ஐந்தாண்டு. பத்தொன்பது வயதில் சேர்ந்து இருபத்தாறில் வெளியே வந்த பெண்ணுக்கு அப்போது முப்பதைத் தாண்டியிருக்கும். வரிசை வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்த ஏஜென்சிகள் பள்ளி முடித்து வரும் புதிய பெண்களையே தேடுகின்றன. திருமணம், குழந்தை, இரவு ஷிப்ட் என்று கேள்விகள் வரும்போது ஏழாண்டு அனுபவம் எதிர்க்கணக்கில் போய்ச் சேருகிறது. ஆக, சான்றிதழ் இருந்தவரிடம் எங்கும் செல்லும் தொழில் இல்லை. தொழில் இருந்தவனிடம் சான்றிதழ் இல்லை.

அரசின் உதவி இருவருக்கும் நடுவில் வழி தவறிப்போகிறது என்பது என் எண்ணம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருப்போருக்குத் தமிழக அரசின் உதவித்தொகை பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மாதம் 200, பட்டதாரிக்கு 600. அது வேலைக்கே போகாதவருக்கான ஏற்பாடு, போன வேலையை இழந்தவருக்கு அல்ல. மாவட்ட அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலை முகாம்கள் உருப்படியானவை, ஆனால் அங்கே முதலில் கேட்பது வயதும் சான்றிதழும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மூடுவதற்கும் ஆட்குறைப்புக்கும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய ஆலைகளின் அளவு 100 தொழிலாளரில் இருந்து 300 ஆகிவிட்டது. நடுத்தரத் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் பல இதற்குக் கீழேதான் வரும். ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு 15 நாள் சம்பளத்துக்கு நிகரான தொகையை மறுபயிற்சி நிதியாக முதலாளி கட்ட வேண்டும், அது தொழிலாளியின் கணக்குக்கு வரும் என்றும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தோல் வேலைக்காரன் ஆட்குறைப்பு செய்யப்பட்டான் என்று எங்கே எழுதியிருக்கிறது என்ற பழைய கேள்வி அங்கேயும் வந்து நிற்கும்.

இதை எழுதத் தோன்றியதற்கு ஒரு காரணம் பனப்பாக்கம். அரக்கோணத்துக்குப் பக்கத்தில், ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள்ளேயே, டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அதே சிப்காட் வளாகத்தில் தைவானின் ஹாங் ஃபூ, தோல் அல்லாத காலணிகள் செய்ய 1,500 கோடியில் வருகிறது. 25,000 பேருக்கு வேலை என்கிறார்கள். நோக்கியாவின் பழைய பெண்களும் ராணிப்பேட்டையின் பழைய ஆட்களும் ஒரே வாசலுக்கு வந்து சேரக்கூடிய முதல் இடம் இது. அங்கே எந்த வகை நியமனம் என்பதைச் சேருகிறவர் ஆணையில் படித்துப் பார்க்க வேண்டும். புதிய சட்டம் குறிப்பிட்ட காலத்துக்கான நியமனத்தை அனுமதிக்கிறது. ஓராண்டு முடித்தால் பணிக்கொடையும் தருகிறது, இது முன்பு இல்லாத நன்மை. ஆனால் காலம் முடிந்து வெளியே வருவது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. மூடலும் இல்லை, விஆர்எஸ்ஸும் இல்லை. வேலை போகும் தேதி சேருகிற அன்றே தாளில் அச்சாகியிருக்கும்.