கிழத்தி முதல் துணைவி வரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், முதலாந் தவணை தொடங்கிய நாட்களில், தம் பேரனை ஆறாம் வகுப்பிற் சேர்ப்பதற்காக மூதாட்டி ஒருவர் எமது பாடசாலைக்கு வந்திருந்தார். சிறுவனின் பாதுகாவலராக அவருடைய கணவரின் பெயரை எழுதவேண்டியிருந்தது. பெயரைக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். பின்னர் பேரனின் தோளைத் தட்டி, "சொல்லு மோனை" என்றார். அவன் சொன்னான், நான் எழுதினேன். அவர்கள் சென்றபின் அருகிலிருந்த இளம் ஆசிரியர் ஒருவர், "இதுதான் எங்கட பண்பாடு. ரண்டாயிரம் வருசமாப் புருசன்ரை பேர் சொல்லாத சனம்" என்று பெருமிதத்துடன் கூறினார். அந்த இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பண்டைத் தமிழிலக்கியத்திற் காதலர்க்குப் பெயர் சுட்டப்படுவதில்லை என்பது உண்மையே. அகப்பாடலில் எவரையும் இயற்பெயராற் சுட்டுதலாகாது எனத் தொல்காப்பியர் விதித்துள்ளார். ஆயின், அவ்விதி ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவானது. பாடும் புலவனைக் கட்டுப்படுத்துவது. மனைவியின் நாவுக்கு மட்டும் இட்ட பூட்டு அன்று அது. அகப்பாடலின் தலைவி தன் காதலனை நாடன் என்றும், ஊரன் என்றும், துறைவன் என்றும், சேர்ப்பன் என்றும் அவனது நிலத்தால் அழைத்தாள். நிலத்துக்கு உரிமை பூண்டவனின் பெயர்கள் இவை என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்விடத்திற் கிழவன், கிழத்தி என்னும் இரு சொற்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். இன்று கிழவன் என்றாற் பல் விழுந்த முதியவனே நம் நினைவுக்கு வருகிறான். அன்றோ அச்சொல் உரிமையுடையவன் என்று பொருள்பட்டது. கிழமை என்பது உரிமை. களவொழுக்கத்தைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் ஒத்த தன்மையுடைய கிழவனும் கிழத்தியும் ஒருவரையொருவர் காண்பதாகக் கூறுகின்றார். அங்கு இருவரும் உரிமையாளர். அவனுக்கு அவள் மீதுள்ள உரிமை அவளுக்கு அவன் மீதும் உண்டு. ஆனாற் கற்பினை வரையறுக்கும்போது காட்சி மாறுகின்றது. கொடுத்தற்குரியோர் கொடுக்கக் கிழவன் கிழத்தியைக் கொள்கிறான். சொற்கள் அவையே; வினை மாறிவிட்டது. கண்டவள் கொடுக்கப்படுபவளாகின்றாள். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே சடங்கு வகுக்கப்பட்டது எனத் தொல்காப்பியரே கூறுவதால், சடங்கற்றதொரு காலத்தின் நினைவு அந்நூலில் எஞ்சியிருப்பதையும் காண்கிறோம். தனியுடைமையும் அதனைக் கையளிக்க வேண்டிய வாரிசும் உருவாகிய சமுதாயத்தில், கொடுப்போர் இன்றி இணைந்த இருவருக்குப் பெயரிடுவது வில்லங்கமாகிவிட்டது.

கற்பின் கொழுந்து எனப் பாராட்டப்படும் கண்ணகியையே எடுத்துக்கொள்வோம். பாண்டியன் அவையில் நீ யார் என்று வினவப்பட்டபோது அவள் தன் ஊரைச் சொல்கிறாள். கணவனின் பெயரைச் சொல்கிறாள். தான் அவன் மனைவி என்கிறாள். தன் பெயரையும் சொல்கிறாள். பேரனின் தோளைத் தட்டவில்லை. நீதி கேட்கப் போனவள் பெயர் சொல்லித்தானே ஆகவேண்டும்! கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அஞ்சும் நம் பாட்டிமாரின் வழக்கத்தை இளங்கோவின் தலைவியின்மேல் ஏற்றுவோர், வழக்குரை காதையை இன்னொரு முறை படிப்பது நல்லது.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் வேறொரு செய்தி கிடைக்கின்றது. கொடையாளரான பெண்கள் அங்கே மணவாட்டி, அகமுடையாள், தேவியார் எனப் பலவாறு குறிக்கப்படுகின்றனர். அகமுடையாள் என்பதில் உள்ள "உடைமை" பெண்ணுக்கு உரியதாகவே ஒலிக்கின்றது. பெண்டாட்டி என்ற சொல்லோ, "வேளத்துப் பெண்டாட்டி" என அரண்மனைப் பணிமகளிரைக் குறித்தது. பணிசெய்பவளைச் சுட்டிய சொல்லே பிற்காலத்தில் மனைவிக்கு நிலைத்தது என்பது தற்செயலாகுமா என்பதை வாசகர் சிந்திக்கட்டும். இவற்றிடையே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சொல். திருவாரூர்க் கல்வெட்டில் முதலாம் இராசேந்திரனின் அன்புக்குரியவரான பரவை நங்கையார் "அணுக்கியார்" எனக் குறிக்கப்படுகின்றார். அணுக்கமானவர் என்பதே அதன் பொருள். மனையும் இல்லை, கொடையும் இல்லை. நெருக்கம் மட்டுமே பெயராகி, மரியாதை விகுதியும் பெற்றுக் கல்லில் நிற்கின்றது. அரசனின் அன்புக்குரியவருக்குக் கிட்டிய இம்மரியாதை அவ்வூரின் உழவர்குலப் பெண்ணொருத்திக்குக் கிட்டியிராது என்பதும் வெளிப்படை.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை, கணவனையும் மனைவியையும் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூவகைச் சொத்தின் வழியாகவே நோக்கிற்று. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச்சட்டமோ, மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றுவதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கோரிற்று. உறுதியில் அவன் கையெழுத்து வேண்டும். வீட்டில் அவன் பெயரை அவள் உச்சரித்தலாகாது! "இஞ்சாருங்கோ" என்பாள், பிள்ளைகளிடம் "கொப்பர்" என்பாள். அவனோ அவளைப் பெயர் சொல்லி அழைப்பான்.

காணி இல்லாதவர்க்கு உறுதியும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினரிடையே "சோறு கொடுத்தல்" என்ற எளிய மணமுறை வழங்கிற்று. பெண் சமைத்துப் பரிமாற ஆண் உண்பான். அத்துடன் குடும்பம் தொடங்கிவிடும். ஐயரும் இல்லை, எழுத்தும் இல்லை. தாலிகட்டையும் கலியாண எழுத்தையும் அளவுகோலாகக் கொண்டவர்கள் இத்தகையோரை "வைச்சிருக்கிறான்" என்ற ஒரே சொல்லால் அடக்கினர். ஒரு பண்டத்தை வைத்திருப்பதுபோல! இதே கொடுமை மலையகத்திற் சட்டத்தின் உருவில் வந்தது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானவரிடம் 7 ஆண்டு வதிவையும் மணமாகாதவரிடம் 10 ஆண்டு வதிவையும் கேட்டது. விண்ணப்பிப்பவரின் மனைவி இந்நாட்டில் வதிந்தமைக்கும் சான்று கேட்டது. லயத்து வாசலில் உறவினர்முன் தாலி கட்டி, பதிவுப் பத்திரம் எதுவுமின்றி வாழ்ந்தவன், தன்னுடன் கொழுந்தெடுத்தவள் தன் மனைவியே என்பதை எதைக் காட்டி நிறுவுவான்? ஒரு சொல்லுக்கு அங்கே மூன்றாண்டு விலை.

இந்நிலையை உணர்ந்து புதுச்சொல் தேடியோர் தமிழகத்துச் சுயமரியாதை இயக்கத்தினர். திருக்குறளின் ஆறாம் அதிகாரத் தலைப்பில் "வாழ்க்கைத் துணை" உண்டு. ஆனால் அங்கு துணையாகப் பேசப்படுபவள் மனைவி மட்டுமே. கணவனைத் துணையாக்கிப் பேச வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுக்கவில்லை. 1925 இல் தோன்றிய இயக்கம் அச்சொல்லை இருவர்க்கும் பொதுவாக்கியது; மணம் வாழ்க்கைத் துணை ஒப்பந்தமாயிற்று. நீதிமன்றம் விட்டதா? புரோகிதச் சடங்கின்றி நடந்த சுயமரியாதை மணம் செல்லாது என 1953 இற் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேடையில் துணைவியாக இருந்தவர் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டியாகினார். 1967 இல் அண்ணாதுரை அரசாங்கம் கொண்டுவந்த திருத்தமே முன்பு நடந்த மணங்களையும் உள்ளடக்கி இந்த இழிவைத் துடைத்தது. எனினும் சொல்லின் கதை அத்துடன் முடியவில்லை. பின்னாளில் தமிழகத்துப் பத்திரிகை வழக்கில் "மனைவி" ஒருவரையும் "துணைவி" மற்றொருவரையும் குறிக்கலாயின. சமத்துவத்துக்கென ஆக்கிய சொல், இரண்டாந் தாரத்தைக் கௌரவமாக மறைக்கும் திரையாகிப்போயிற்று.

காதலன், காதலி என்பவற்றின் நிலை இன்னும் பரிதாபம். பழைய நூல்களிற் காதலன் கணவனையுங் குறித்தான்; சிலவிடத்து மகனையுங் குறித்தான். திரைப்படமும் தொடர்கதையும் அச்சொல்லை இருபது வயதிற்குள் அடைத்துவிட்டன. நாற்பது வயதில் ஒருவர் சபையில் "இவர் என் காதலி" என்று கூறினாற் சிரிப்பொலி எழும். மணவிலக்குப் பெற்றவரும், கைம்பெண்ணும், சடங்கை மறுத்து இணைந்தவரும் தம் துணையை அறிமுகஞ் செய்யும்போது "தெரிந்தவர்" என்று மழுப்ப நேர்கின்றது. நம் முற்போக்கு மேடைகளும் இதற்கு விலக்கல்ல. அவர் "தோழர்", அருகில் நிற்பவரோ பெரும்பாலும் "தோழரின் மனைவி".

பண்டிதர்கள் கொச்சை என ஒதுக்கும் யாழ்ப்பாணப் பேச்சில் மட்டும் ஒரு சோடிச் சொற்கள் வழங்குகின்றன: மனிசன், மனிசி. "என்ரை மனிசி", "என்ரை மனிசன்". மனையும் கொடையும் உடைமையும் அவற்றில் இல்லை. இருவரும் மனிதர், அவ்வளவே. மாணவர் கட்டுரைகளில் அச்சொல் வந்தவிடமெல்லாம் சிவப்பு மையால் வெட்டி, மேலே "மனைவி" என்று திருத்தி எழுதி வந்தவன் நான்தான்.