வார்ப்பிரும்பு வாணலியில் ஸ்டேக் சமைத்தல்

வார்ப்பிரும்பு வாணலியில் ஸ்டேக் சமைத்தல் என்பது, தடிப்பாக வெட்டப்பட்ட மாட்டிறைச்சித் துண்டை நன்கு சூடேறிய வார்ப்பிரும்பு வாணலியில் இட்டு, வெளிப்புறம் சிவந்து மொறுமொறுப்பாகவும் உட்புறம் மென்மையாகவும் இருக்குமாறு வேகவைக்கும் சமையல் முறை ஆகும். இம்முறை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாகக் கையாளப்படுகிறது. சமைத்த இறைச்சியுடன் பச்சை மூலிகைகளால் ஆன சுவைச்சாறு ஒன்றைப் பரிமாறுவது வழக்கம். அர்ஜென்டினாவின் சிமிச்சுரி இவற்றுள் பெயர் பெற்றது.

இறைச்சியை அதிக வெப்பத்தில் சிவக்க வறுத்தால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. இது உண்மையன்று. சிவக்க வறுப்பதனால் கிடைப்பது சுவையும் மணமும் மட்டுமே. சாறு எஞ்சுவதைப் பெரிதும் தீர்மானிப்பது இறைச்சியின் உள்வெப்பநிலை ஆகும்.

பெயர்

ஸ்டேக் என்ற ஆங்கிலச் சொல், வறுத்த இறைச்சியைக் குறிக்கும் "ஸ்டெய்க்" என்ற பழைய நோர்சு மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. இன்று இச்சொல் பொதுவாகத் தசைநாரின் குறுக்கே வெட்டப்பட்ட தடித்த துண்டைக் குறிக்கிறது. அடைமொழி எதுவும் இன்றிக் கூறினால் மாட்டிறைச்சியையே குறிக்கும். மீன், பன்றி இறைச்சி ஆகியவற்றின் துண்டுகளும் சில இடங்களில் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன.

வாணலியின் வரலாறு

வார்ப்பிரும்பு என்பது சுமார் 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் கொண்ட இரும்புக் கலவை ஆகும். இதை உருக்கி அச்சில் வார்க்கும் நுட்பத்தைச் சீனர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டளவிலேயே அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்கு 1707 இல் காப்புரிமை பெற்றார். 1709 இல் கோல்புரூக்டேல் என்னும் ஊரில், மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். இதன் விளைவாக வார்ப்பிரும்புக் கலங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின.

தொடக்ககால வாணலிகள் திறந்த அடுப்பின் தணல் மேல் நிற்பதற்கு ஏற்பக் கால்களுடன் அமைந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் தட்டையான மேற்பரப்புடைய அடுப்புகள் பரவிய பின்னர், கால்கள் இல்லாத தட்டை வாணலிகள் வழக்கத்துக்கு வந்தன. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சவுத் பிட்சுபர்க் நகரில் 1896 இல் ஜோசப் லாட்ஜ் தொடங்கிய வார்ப்பாலை இன்றும் இத்தகைய வாணலிகளைத் தயாரித்து வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒட்டாத பூச்சுடைய வாணலிகளின் வரவால் வார்ப்பிரும்பின் பயன்பாடு குறைந்தது. எனினும் டெஃப்லான் பூச்சு சுமார் 260 °செ வெப்பநிலைக்கு மேல் சிதையத் தொடங்குவதால், வெறும் வாணலியை மிகுதியாகச் சூடேற்ற வேண்டிய இம்முறைக்கு அது ஏற்றதன்று.

வார்ப்பிரும்பின் வெப்பப் பண்புகள்

வார்ப்பிரும்பு வெப்பத்தை நன்கு கடத்தும் என்பது பரவலான எண்ணம். உண்மையில் அதன் வெப்பக் கடத்துதிறன் குறைவு. அலுமினியம் அதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கும், செம்பு ஏறத்தாழ ஏழு மடங்கும் நன்றாகக் கடத்துகின்றன. இதனால் வார்ப்பிரும்பு வாணலி மெதுவாகவும் சீரற்றும் சூடாகிறது. அடுப்பை மிதமாக வைத்து 5 முதல் 10 நிமிடங்கள் வரை முன்கூட்டியே சூடேற்ற வேண்டியிருப்பது இதனாலேயே ஆகும்.

வார்ப்பிரும்பின் சிறப்பு, அது வெப்பத்தைச் சேமித்து வைப்பதில் உள்ளது. சுமார் 26 செ.மீ. விட்டமுள்ள வாணலி ஏறத்தாழ 2.4 கிலோகிராம் எடை கொண்டது. அதன் வெப்பநிலை ஒரு பாகை குறையும்போது சுமார் 1,100 ஜூல் வெப்பம் வெளிப்படும். 600 கிராம் எடையுள்ள மெல்லிய அலுமினிய வாணலியில் இந்த அளவு சுமார் 540 ஜூல் மட்டுமே.

இறைச்சியின் மேற்பரப்பில் 10 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். 20 °செ இல் உள்ள இந்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்து முழுவதுமாக ஆவியாக்க ஏறத்தாழ 26,000 ஜூல் வெப்பம் தேவை. அடுப்பிலிருந்து வரும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், இதனால் வார்ப்பிரும்பு வாணலியின் வெப்பநிலை சுமார் 24 பாகையும், மேற்குறித்த அலுமினிய வாணலியின் வெப்பநிலை சுமார் 48 பாகையும் குறையும். குளிர்ந்த இறைச்சியை இட்ட பின்னும் வார்ப்பிரும்பு வறுக்கும் வெப்பநிலையில் நிற்பதன் காரணம் இதுவே. இறைச்சியின் மேற்பரப்பை நன்கு துடைத்து உலர்த்த வேண்டும் என்பதற்கும் இக்கணக்கே விளக்கம் ஆகும். நீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரத் தேவையான வெப்பத்தைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு வெப்பம் அதை ஆவியாக்கச் செலவாகிறது.

வாணலியைப் பழக்குதல்

புதிய வார்ப்பிரும்பு வாணலியின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி அதிக வெப்பத்தில் சூடேற்றும்போது, எண்ணெயில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கடினமான பல்லுறுப்பிப் படலமாக மாறுகின்றன. இப்படலம் துருவைத் தடுக்கிறது, உணவு ஒட்டாமலும் காக்கிறது. தமிழர் வீடுகளில் புதிய இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தேய்த்துப் பழக்குவதும் இதே வினையே ஆகும்.

வினிகர், தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருட்களை நெடுநேரம் கொதிக்கவிட்டால் இப்படலம் கரைந்து, உணவில் இரும்பின் சுவை ஏறும். எனவே வினிகர் சேர்ந்த மூலிகைச் சாற்றை வாணலியில் காய்ச்சாமல் தனிக் கிண்ணத்தில் கலந்து, தட்டில் இட்ட இறைச்சியின் மேல் ஊற்றுவதே முறை.

சிவக்க வறுத்தலின் வேதியியல்

இறைச்சியில் உள்ள அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் வெப்பத்தால் வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருட்களையும் உண்டாக்குகின்றன. இதை 1912 இல் விவரித்த பிரான்சு நாட்டு வேதியியலாளர் லூயி கமீல் மெயிலார்டின் பெயரால் இது மெயிலார்ட் வினை எனப்படுகிறது. இதன் படிநிலைகளை அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஹாட்ஜ் 1953 இல் தொகுத்து வெளியிட்டார். சுமார் 140 °செ வெப்பநிலைக்கு மேல் இவ்வினை விரைவாக நிகழும். ஈரமான மேற்பரப்பு நீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடாவதில்லை ஆகையால், ஈரம் உள்ள வரை இறைச்சி வெளிறியே இருக்கும்.

சாறு அடைபடும் என்ற கருத்து

செருமானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக், அதிக வெப்பத்தில் இறைச்சியின் மேற்பரப்பு இறுகி உள்ளிருக்கும் சாறு வெளியேறாமல் தடுக்கிறது என்று 1847 இல் எழுதினார். சமையல் நூல்கள் இக்கருத்தை விரைவில் ஏற்றுக்கொண்டன. 1930களில் நடந்த சோதனைகள் இது தவறு எனக் காட்டின. சிவக்க வறுத்த இறைச்சியும் அவ்வாறு வறுக்காத இறைச்சியைப் போலவே எடை இழந்தது. ஹெரால்ட் மெக்கீ 1984 இல் வெளியிட்ட உணவு அறிவியல் நூலுக்குப் பின் இம்மறுப்பு பொதுமக்களிடையே பரவியது.

இதை எந்தச் சமையலறையிலும் காணலாம். வறுபடும் இறைச்சி எழுப்பும் ஓசை, வெளியேறும் நீர் ஆவியாகும் ஓசையே ஆகும். மேற்பரப்பு அடைபட்டிருந்தால் அவ்வோசை நின்றுவிட வேண்டும். ஆனால் இறைச்சி வாணலியில் உள்ளவரை அது தொடர்கிறது.

சாறு வெளியேறுவதற்குக் காரணம் புரதங்கள் சுருங்குவதே ஆகும். சுமார் 50 °செ இல் மையோசின் என்ற தசைப்புரதம் உருமாறத் தொடங்குகிறது. 60 °செ வெப்பநிலையைத் தாண்டும்போது தசைநார்களைச் சூழ்ந்துள்ள கொலாஜன் உறைகள் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளுகின்றன. 65 °செ வெப்பநிலைக்கு மேல் ஆக்டின் என்ற புரதமும் உருமாற, இறைச்சி கடினமாகிறது. எனவே சாற்றைக் காக்க எண்ணி நெடுநேரம் வறுப்பவர், அதை மேலும் இழக்கவே நேரிடும்.

வேகும் நிலைகள்

இறைச்சியின் நடுப்பகுதியின் வெப்பநிலையைக் கொண்டு வேகும் நிலைகள் தோராயமாகப் பின்வருமாறு வகுக்கப்படுகின்றன.

- ரேர்: 49 முதல் 52 °செ. நடுப்பகுதி சிவப்பாக இருக்கும்.
- மீடியம் ரேர்: 54 முதல் 57 °செ. நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும்.
- மீடியம்: 60 முதல் 63 °செ. வெளிறிய இளஞ்சிவப்பு.
- மீடியம் வெல்: 65 முதல் 68 °செ. சிறிதளவே இளஞ்சிவப்பு காணப்படும்.
- வெல் டன்: 71 °செ மற்றும் அதற்கு மேல். முழுவதும் சாம்பல் கலந்த பழுப்பு.

வெட்டிய துண்டிலிருந்து வழியும் சிவப்பு நீர்மம் இரத்தம் அன்று. அது மையோகுளோபின் என்ற தசைப்புரதம் கலந்த நீர் ஆகும்.

உணவுப் பாதுகாப்பு

வெட்டப்படாத முழுத் தசையில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே காணப்படுகின்றன. அவை வறுக்கும் வெப்பத்தில் அழிகின்றன. அரைத்த இறைச்சியிலோ மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. ஊசிகளாலோ கத்திகளாலோ துளைத்து மென்மையாக்கப்பட்ட துண்டுகளிலும் பாக்டீரியாக்கள் உள்ளே செல்லக்கூடும். எசரிக்கியா கோலை பாக்டீரியாவின் ஓ157:எச்7 என்ற வகை மனிதரில் நோய் உண்டாக்குவது 1982 இல் அறியப்பட்டது. 1993 இல் மேற்கு அமெரிக்காவில் சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சியால் பரவிய இந்நோய்க்கு நான்கு குழந்தைகள் பலியாயினர்.

ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை, ஸ்டேக் போன்ற முழுத் துண்டுகளின் உள்வெப்பநிலை அடுப்பிலிருந்து இறக்கும் முன் 63 °செ எட்ட வேண்டும் என்றும், அதன்பின் மூன்று நிமிடங்கள் ஆறவிட வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. அரைத்த மாட்டிறைச்சிக்கு இவ்வளவு 71 °செ ஆகும். ரேர், மீடியம் ரேர் நிலைகள் இப்பரிந்துரைக்குக் கீழே உள்ளவை. சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தோர் ஆகியோர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

நிறத்தைக் கொண்டு பாதுகாப்பை முடிவு செய்ய இயலாது. அரைத்த இறைச்சி சில வேளைகளில் பாதுகாப்பான வெப்பநிலையை எட்டும் முன்பே பழுப்பாகிவிடும். துண்டின் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதி வரை செருகி அளக்கும் இறைச்சி வெப்பமானியே நம்பத்தக்கது.

மூலிகைச் சாறுகள்

கொழுப்பு மிகுந்த இறைச்சியின் திகட்டலைப் புளிப்பும் பச்சை மணமும் குறைக்கின்றன. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் இதற்கெனப் பல சாறுகள் உள்ளன.

- சிமிச்சுரி: அர்ஜென்டினா, உருகுவே நாடுகளுக்குரியது. பார்ஸ்லி இலை, பூண்டு, ஓரிகானோ, வினிகர், எண்ணெய் ஆகியவை சேர்ந்தது. அந்நாடுகளில் இது பெரும்பாலும் தணலில் சுட்ட இறைச்சியுடன் உண்ணப்படுகிறது. வாணலியில் வறுத்த ஸ்டேக்குடன் பரிமாறுவது அதன் தழுவலே.
- சல்சா வெர்டே: இத்தாலிக்குரியது. பார்ஸ்லியுடன் கேப்பர் மொட்டும் உப்பிட்ட நெத்திலி வகை மீனும் சேரும்.
- பியர்நேஸ்: பிரான்சுக்குரியது. முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்ந்த குழம்பில் டாரகன் இலையும் வினிகரும் மணம் சேர்க்கும்.

செய்முறை

தேவையான பொருட்கள் (இருவருக்கு)

- 3 முதல் 4 செ.மீ. தடிப்புள்ள ரிப் ஐ அல்லது சர்லாயின் துண்டு, 2
- உப்பு, மிளகுத்தூள்
- சூரியகாந்தி எண்ணெய், 1 மேசைக்கரண்டி
- வெண்ணெய், 2 மேசைக்கரண்டி
- தட்டிய பூண்டு, 2 பல்
- தைம், 2 கொத்து

சிமிச்சுரிக்கு: பொடியாக நறுக்கிய பார்ஸ்லி 1 கிண்ணம், நறுக்கிய பூண்டு 4 பல், உலர்ந்த ஓரிகானோ 1 தேக்கரண்டி, இடித்த காய்ந்த மிளகாய் அரைத் தேக்கரண்டி, சிவப்பு வைன் வினிகர் 3 மேசைக்கரண்டி, எண்ணெய் அரைக் கிண்ணம், உப்பு.

செய்யும் முறை

1. சிமிச்சுரிக்கான பொருட்களைக் கலந்து அரை மணி நேரம் ஊறவிடவும். இலைகளை மின்னம்மியில் அரைக்காமல் கத்தியால் நறுக்குவது நல்லது.
2. இறைச்சியின் மேல் உப்பைத் தூவி 40 நிமிடங்களுக்குக் குறையாமல் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பின்னர் அந்நீர் உப்புடன் மீண்டும் உள்ளிழுக்கப்படும். நேரம் இல்லையெனில் வாணலியில் இடுவதற்குச் சற்று முன் உப்பிடலாம்.
3. வாணலியை 5 முதல் 10 நிமிடங்கள் சூடேற்றவும். இறைச்சியை நன்கு துடைத்து உலர்த்தவும்.
4. எண்ணெய் ஊற்றி, இலேசாகப் புகை எழும்போது இறைச்சியை இடவும். சாளரத்தைத் திறந்து வைப்பது நல்லது.
5. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பவும். அடிக்கடி திருப்பினால் உட்புறம் சீராக வேகும்.
6. இருபுறமும் சிவந்த பின் அடுப்பைக் குறைத்து வெண்ணெய், பூண்டு, தைம் ஆகியவற்றைச் சேர்க்கவும். உருகிய வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி இறைச்சியின் மேல் ஊற்றவும். வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருட்கள் சுமார் 150 °செ இல் கருகத் தொடங்குவதால் அதைத் தொடக்கத்திலேயே சேர்க்கக் கூடாது.
7. வெப்பமானியால் அளந்து, வேண்டிய வெப்பநிலையில் இறக்கவும். இறக்கிய பின்னும் உள்வெப்பநிலை சில பாகைகள் உயரும்.
8. 5 நிமிடங்கள் ஆறவிட்டு, மிளகுத்தூள் தூவி, தசைநாருக்குக் குறுக்காக வெட்டிச் சிமிச்சுரியுடன் பரிமாறவும்.

எஞ்சிய சிமிச்சுரியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும். எண்ணெயில் மூழ்கிய பூண்டு அறை வெப்பநிலையில் நெடுநேரம் இருந்தால், குளோசுட்ரிடியம் பாட்டுலினம் என்ற நச்சுப் பாக்டீரியா வளர வாய்ப்புண்டு.

வாணலியைப் பயன்படுத்திய பின் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து வைத்தால் துருப்பிடிக்காது. நீரில் ஊறவிடுதல் கூடாது.