இயர்போன் காதுக்குள்ளே போன கதை

1/
இயர்போன் வாங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்விகள் ரெண்டு. சவுண்ட் எப்படி இருக்கும்? ரொம்ப நேரம் போட்டா காது வலிக்குமா?
ஒரு டாக்டரா சொல்றேன், இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு. ரெண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள உங்க காதுக்குழாய்க்குள்ள. அது எப்படின்னு புரிய 200 வருட வரலாற்றைப் பார்க்கணும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

2/
கதை பாட்டுல தொடங்கல, ஆஸ்பத்திரியில தொடங்குது. 1816, பாரிஸ் நெக்கர் மருத்துவமனை. ரெனே லெனெக் என்ற மருத்துவர் காகிதத்தை இறுக்கமாகச் சுருட்டி ஒரு இளம்பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார். நேரடியாகக் காதை வைத்துக் கேட்பதைவிட இதயத்துடிப்பு தெளிவாகக் கேட்டது. பிறகு மரக்குழாய் செய்தார். அதுதான் முதல் ஸ்டெதாஸ்கோப்.
ஆனா அது ஒரு காதுக்குத்தான். இன்னொரு காதுல வார்டு இரைச்சல் முழுக்க வந்து விழும்.

3/
1851-ல் அயர்லாந்து மருத்துவர் ஆர்தர் லியர்டு இரண்டு காதுக்கும் போகும் ஸ்டெதாஸ்கோப்பைக் காட்டினார். அடுத்த வருடமே நியூயார்க்கில் ஜார்ஜ் கேமன் அதை விற்பனைக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். காதில் நுழையும் முனைகள் யானைத் தந்தத்தில்!
மருத்துவம் அன்னைக்கே பிடிச்சுக்கிட்ட பாடம் இது: மெல்லிய ஒலியைக் கேட்கணும்னா, அதைப் பெரிசாக்குறதுக்கு முன்னாடி வெளி இரைச்சலை அடைக்கணும்.

4/
முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் ஸ்டெதாஸ்கோப்பைத் திருப்பி மாட்டிக்கிட்டு "ஒண்ணும் கேக்கல சார்" என்பது எல்லா கல்லூரியிலும் நடக்கிறதுதான். காரணம், காதுக்குழாய் நேராகப் போகாது. லேசாக வளைந்து, மூக்குப் பக்கமாக முன்னோக்கிச் செல்லும். முனை அந்தத் திசையில் இருந்தால்தான் ஒலி உள்ளே போகும்.
இன்னைக்கு நீங்க வாங்குற இயர்போனுக்கும் இதே விதிதான்.

5/
1891-ல் பிரெஞ்சுப் பொறியாளர் எர்னெஸ்ட் மெர்காடியே டெலிபோன் ஆபரேட்டர்களுக்காக ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். எடை 50 கிராமுக்கும் குறைவு. காதுக்குள் செருகும் முனை. அதன் மேல் ரப்பர் உறை. ரப்பர் எதற்கு? ஒன்று, காது உராயாமல் இருக்க. இரண்டு, வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க.
சுகமும் ஒலித்தரமும் ஒரே ரப்பர் துண்டில்! 130 வருடத்துக்கு முன்பே.

6/
ஆனால் ரேடியோ காலம் வந்ததும் காதுக்கு மேலே கவிழ்க்கும் ஹெட்போன்தான் ஜெயித்தது. காதுக்குள் போகும் தொழில்நுட்பத்தை உயிரோடு வைத்திருந்தது காது கேட்காதோருக்கான கருவி. அதற்குள் ஒரு நுண்ணிய ஸ்பீக்கர் உண்டு. காந்தங்களுக்கு நடுவே மெல்லிய உலோக நாக்கு அசையும், அது ஒரு சின்னத் தகட்டைத் தள்ளும். பெயர் பேலன்ஸ்டு ஆர்மேச்சர். அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

7/
1979-ல் சோனி வாக்மேன் வந்தது. பாட்டு ரோட்டுக்கு இறங்கியது. கூட வந்ததோ மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த ஹெட்போன். அது வெளி இரைச்சலைத் தடுக்கவே தடுக்காது. பஸ், ரயில் இரைச்சலை மீறிக் கேட்க ஒரே வழி, வால்யூமைக் கூட்டுவது.
பிரச்சினை இங்கதான் ஆரம்பிச்சது.

8/
உட்காதில் ஒலியை நரம்புச் சமிக்ஞையாக மாற்றும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தால் திரும்ப முளைக்காது.
உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் வெறும் 5 மணி. பஸ் இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்பவர் இந்தக் கணக்கை எவ்வளவு சீக்கிரம் தாண்டுவார்னு நீங்களே போட்டுப் பாருங்க.

9/
இப்போ கதாநாயகர் வருகிறார். மீட் கில்லியன். அமெரிக்காவில் காதுக்கருவிகளுக்கு நுண் ஸ்பீக்கர் செய்யும் நோல்ஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1983-ல் எட்டிமோட்டிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். காதுக்கு உண்மையானது என்று பொருள்படும்படி அமைத்த பெயர்.
முதலில் செய்தது பாட்டுக்கான கருவியே இல்லை. செவித்திறன் பரிசோதனைக்கு, நுரைமுனை வைத்துக் காதுக்குள் செருகும் இயர்போன். கிளினிக் இரைச்சல் பரிசோதனையைக் கெடுக்கக் கூடாதே!

10/
அதே அறிவை வைத்து 1991-ல் வந்தது இஆர்-4. மூன்றடுக்கு ரப்பர் முனை. ஆழமாகச் செருகினால் 30 டெசிபலுக்கு மேல் வெளி இரைச்சலைக் குறைக்கும். பேட்டரி கிடையாது, எலக்ட்ரானிக் மாயம் கிடையாது. வெறும் அடைப்பு.
1995-ல் ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப்பொறியாளர் வான் ஹேலன் இசைக்குழுவின் டிரம்மருக்காகக் காதின் அச்செடுத்து இயர்போன் செய்தார். அல்டிமேட் இயர்ஸ் பிறந்தது. மேடைக் கலைஞர்கள் பக்கத்துல அலறும் ஸ்பீக்கரிலிருந்து தப்பிச்சாங்க.

11/
சரி, ஒலித்தரத்துக்கு வருவோம். திறந்திருக்கும் காதுக்குழாய் ஒரு புல்லாங்குழல் மாதிரி. சுமார் 2,700 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தானாகவே கூட்டிக் கொடுக்கும். நம்ம மூளைக்கு அதுதான் இயல்பு. குழாயை அடைத்ததும் அந்த இயற்கை உதவி போய்விடும். ஆகவே நல்ல இயர்போன் அந்தப் பகுதியைத் தானே கூட்டித் தர வேண்டும். அதிகமானால் கீச்சென்று குத்தும். குறைந்தால் பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுவது போல இருக்கும்.

12/
அடுத்து பாஸ். அடைப்பில் சின்ன இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் முதலில் ஒழுகிவிடும். "இந்த இயர்போன்ல பாஸே இல்ல" என்று குறை சொல்வதற்கு முன் அதை மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்க. பாஸ் கூடினால் தப்பு முனையின் அளவில்தான். காது பார்க்கும்போது நாங்க செய்வது போல, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகுங்க. குழாய் நேராகும், முனை சரியாக அமரும். ரெண்டு காதுக்கும் வேற வேற அளவு தேவைப்படலாம், அது சகஜம்.

13/
இப்போ சுகம். குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உள்பகுதி எலும்பு. அதன் மேல் தோல் மிக மெல்லியது, கொழுப்பு மெத்தை கிடையாது. அங்கே அழுத்தினால் வலிக்கத்தான் செய்யும். சிலருக்கு இருமலே வரும், ஏன்னா வேகஸ் நரம்பின் ஒரு கிளை அங்கே இருக்கு.
சொந்தக் குரல் பானைக்குள் பேசுவது போலக் கேட்குதா? அது அடைப்பின் விளைவு. பழுதில்லை. கேபிள் சட்டையில் உரசும் சத்தமும் அப்படித்தான். ஸ்டெதாஸ்கோப் குழாய் உரசுவது எங்களுக்குப் பழக்கம். கேபிளைக் காதுக்கு மேலே சுற்றி விட்டால் குறையும்.

14/
ஆக, மதிப்பிடும் முறை:
எல்லா அளவு முனைகளையும் போட்டுப் பாருங்க.
ரெண்டு இயர்போனை ஒப்பிடும்போது வால்யூம் சமமா இருக்கணும். சத்தம் கூடினதுதான் எப்பவும் நல்லா இருக்கிற மாதிரி தோணும்.
நல்லாத் தெரிந்த குரல் பாட்டு ஒன்றைக் கேளுங்க.
முப்பது நிமிடமாவது போட்டிருங்க. வலி உடனே வராது.

15/
சில எச்சரிக்கைகள். செவிப்பறையில் ஓட்டை, காதில் சீழ், அரிப்பு இருந்தால் இது வேண்டாம். குறும்பி தானாக வெளியே வரும் இயல்புடையது. முனை அதை உள்ளே தள்ளும், ஆகவே திடீர்னு ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் குச்சி விடாம டாக்டரிடம் காட்டுங்க. முனையைக் கழுவிக் காயவைங்க. நண்பர்களோட பகிர வேண்டாம். ரோட்டில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் வேண்டவே வேண்டாம். ஹாரன் கேட்காது.

16/
கடைசியா, முக்கியமானது. காதை அடைக்கும் இயர்போன் வால்யூமைக் குறைக்க உதவும் கருவி. 2006-ல் பிரையன் ஃபிளிகரும் டெரி ஐவ்ஸும் செய்த ஆய்வில், இரைச்சலுக்கு நடுவே இவற்றைப் போட்டவர்கள் சாதாரண இயர்பட் போட்டவர்களைவிடக் குறைந்த வால்யூமையே தேர்ந்தெடுத்தார்கள். அடைப்பும் போட்டு வால்யூமையும் ஏத்தினா அந்த லாபம் மொத்தமும் போச்சு.

17/
"பக்கத்தில் இருப்பவர் பேச்சு கேட்டால் வால்யூம் சரி" என்ற பழைய சோதனை இங்கே செல்லாது. இதில் பாட்டே ஓடாவிட்டாலும் பேச்சு சரியாகக் கேட்காது.
அதற்குப் பதில் ஒரு எளிய வழி. வீட்டில் அமைதியான அறையில் உங்களுக்குப் போதுமான வால்யூமை வைங்க. பஸ் ஏறிய பிறகும் அதைத் தொடாதீங்க. அந்த வால்யூமிலேயே பாட்டு தெளிவாகக் கேட்டால் உங்க இயர்போன் நல்ல இயர்போன். கேட்கலைன்னா முனையை மாத்துங்க, வால்யூமை இல்ல.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்க.